பால் சுறாவுக்கே முதல் அக்கறை

நடுவர் அவர்களே, வள்ளியூர்ப் பெருமக்களே, வணக்கம். 'நெல்லைச் சீமையில் நம் அக்கறை முதலில் சேர வேண்டியது கடலின் பால் சுறாவுக்கா, கரையின் ஆவாரஞ்செடிக்கா?' என்பது தலைப்பு. நான் சுறாவின் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போனார். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, ஊரையே சாகவிடாத செடிக்கு நம் காவல் எதற்கு? காதலியைக் கேட்டுப் பனைமடல் குதிரையேறிய தலைவன் அந்தப் பூவைச் சூடிய சங்க காலத்திலிருந்து அது பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. தோல் பதனிடப் பட்டையை உரித்தார்கள். இப்போது தேநீருக்குப் பூவைப் பறிக்கிறார்கள். வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கிறது. ராதாபுரம் சாலையோரம் காய்ந்த மண்ணில் மஞ்சள் பூத்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது!

உவரிக்கும் இடிந்தகரைக்கும் வாருங்கள். பால் சுறா முட்டையிடும் மீன் அன்று. நம் தாய்மாரைப் போலவே கருவைத் தொப்புள்கொடி வழியே ஊட்டி வளர்க்கிறது. சுமப்பதோ ஏறத்தாழ ஒரு வருடம். ஈனுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள். சாளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டிவிடும். சுறா எப்படி ஈடுகட்டும்? நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஒரு வருடக் கர்ப்பத்துக்கு அது எந்த மூலைக்கு?

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று நாம் தேடிப் போவதும் இந்தத் தாயைத்தான். சுறாப்புட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இன்றிரவு வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் பிறக்கும்போதே ஒரு சாணுக்கு மேல் இருக்கும் குட்டியை, "பிஞ்சாக இருக்கிறது, ருசியாக இருக்கும்" என்று கேட்டு வாங்குகிறோமே, அது என்ன நியாயம்? நாம் கேட்பதால்தான் அதையும் கூறு கட்டி வைக்கிறார்கள். வலை வீசுகிறவரைக் குறை சொல்லும் முன் பையை நீட்டுகிற நம் கையை விசாரியுங்கள், நடுவர் அவர்களே.

அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணாச்சி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். வெட்டிய ஆவாரை அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். வயிற்றில் நான்கு குட்டியோடு கரையில் ஏலத்துக்கு வந்து கிடக்கும் சுறா எந்த மழைக்குத் துளிர்க்கும்?