கர்சிவ் ஃபான்ட்டை டாட்டூ ஸ்டென்சிலா மாத்துறது எப்படி?

[திரையில்: ‘பெல்லா’ என்ற பெயர் ஆங்கிலக் கர்சிவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை]

கர்சிவ்னா எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதுறது; ஸ்டென்சில்னா குத்துறதுக்கு முன்னாடி தோல்ல ஒட்டி எடுக்கிற மாதிரிக் கோடு. இடப்பக்கம் இருக்கிறது டைப் அடிச்சு அப்படியே பிரிண்ட் எடுத்தது. வலப்பக்கம் அதே ஃபான்ட்தான், ஊசிக்கு ஏத்த மாதிரி திருத்துனது. ஸ்க்ரீன்ல பார்க்க இடப்பக்கம்தான் அழகு. ஆனா அதுல ஆங்கில ‘இ’யோட (e) வளையம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. தோலுக்குள்ள மை வருஷக்கணக்குல மெல்லப் பரவும். அந்த வளையம் மூடி, கறுப்புப் பொட்டு மாதிரி ஆயிடும்.

முதல்ல அளவு. குத்தப்போற இடத்தை டேப்பால அளந்து, அதே அளவுலயே ஃபைல் போடுங்க. பெரிசா வரைஞ்சு கடைசியில சுருக்கும்போதுதான் வளையமெல்லாம் அடைபடுது. சின்ன எழுத்தோட உடம்பு 7 மில்லிமீட்டர் உயரம், உள்ளே இருக்கிற வெளி 2 மில்லிமீட்டர், இதுக்குக் கீழே போகாதீங்க. இடம் பத்தலையா? ஃபான்ட்டைச் சுருக்க வேண்டாம், வார்த்தையைக் குறைங்க.

இல்லஸ்ட்ரேட்டர்ங்கிற டிராயிங் சாஃப்ட்வேர்ல டிராக்கிங், அதாவது எழுத்துகளுக்கு நடுவுல விடுற பொது இடைவெளி, பூஜ்யத்துலயே இருக்கட்டும். எழுத்துகளைத் தள்ளி வெச்சா, ஒண்ணையொண்ணு தொட்டு ஓடுற கோடு நடுவுல அறுந்துடும். கெர்னிங்கை (ரெண்டு ரெண்டு எழுத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளி) ‘ஆப்டிகல்’னு வெச்சாலும் இதே கதைதான், ‘ஆட்டோ’ போதும். இரண்டு ‘எல்’லும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா ஃபான்ட்னு பார்த்ததுமே தெரிஞ்சுடும். ஃபான்ட்ல இருக்கிற எல்லா வடிவத்தையும் காட்டுற கிளிஃப்ஸ் பேனல்ல மாற்று வடிவம் இருந்தா ஒண்ணுக்கு அதைப் போடுங்க.

ஸ்பெல்லிங் இப்பவே பார்த்துடுங்க. குத்திக்கப்போறவரே எழுத்தெழுத்தா வாசிக்கட்டும். தமிழ் எழுத்துன்னா இன்னொரு வம்பு: இல்லஸ்ட்ரேட்டர்ல இண்டிக் (இந்திய மொழி) ஆப்ஷனை ஆன் பண்ணலைன்னா கொம்பு இடம் மாறி உட்காரும்.

[திரையில்: கிரியேட் அவுட்லைன்ஸ், அடுத்து பாத்ஃபைண்டரில் யுனைட்]

இப்போ எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது திருத்தக்கூடிய வெளிக்கோடா மாத்தி, எல்லாம் ஒரே வடிவமாச் சேர யுனைட் குடுங்க. இங்க்ஸ்கேப்னு இன்னொரு டிராயிங் சாஃப்ட்வேர்லன்னா ஆப்ஜெக்ட் டு பாத், அன்குரூப், யூனியன். யுனைட் பண்ணாம விட்டா, எழுத்துகள் சேர்ற ஒவ்வொரு இடத்துலயும் குறுக்கே ஒரு கோடு நிக்கும். அப்புறம் ஃபில்லை (உள்நிறத்தை) எடுத்துட்டு ஸ்ட்ரோக் (ஓரக் கோடு) மட்டும் 0.75 பாயிண்ட்.

[திரையில்: ‘இ’யில் இருந்து ‘எல்’லுக்கு ஏறும் மெல்லிய கோடு, பல மடங்கு பெரிதாக்கி]

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. மெல்லிய கோட்டுக்கும் இரண்டு ஓரம் இருக்கு. அவுட்லைன் ஆனதும் அது ஒட்டி ஓடுற இரட்டைக் கோடாயிடும், ஸ்டென்சில்ல ஈஷிக்கும். அந்த இரண்டையும் அழிச்சுட்டு, நடுவுல பென் டூலால ஒற்றைக் கோடு போடுங்க. ஊசி ஒரே இழுப்புல போற இடம் அது.

வளையத்துக்கு ஒரு கணக்கு. உள்வெளி 1.5 மில்லிமீட்டர்னு வெச்சுக்குங்க. ஊசி இழுக்கிற கோடு அரை மில்லிமீட்டர்னா, அதுல பாதி ரெண்டு பக்கமும் உள்ளே வரும். மிச்சம் 1 மில்லிமீட்டர். அதனால நோடுகளை (கோட்டுல இருக்கிற பிடிப்புப் புள்ளிகளை) பிடிச்சு வளையத்தை இப்பவே அகட்டுங்க. ஸ்க்ரீன்ல கொஞ்சம் அசிங்கமாத் தெரியும், தெரியட்டும்.

பிரிண்ட்ல ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், 100 சதவீதம். ஓரத்துல 5 சென்டிமீட்டர் கோடு ஒண்ணு போட்டு, பேப்பர்ல ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. சூட்டால ஸ்டென்சில் எடுக்கிற தெர்மல் மெஷின்ல விடுறதா இருந்தா மிரர் பண்ணக் கூடாது, அதாவது இடவலம் மாத்தக் கூடாது; கார்பன் மேல்தாளோட பின்பக்கத்துல தானாவே இடவலம் மாறி ஒட்டும். நடுவுல இருக்கிற டிஷ்யூ தாளை உருவ மறந்தா எதுவும் ஒட்டாது. ஸ்டென்சில் இங்க் ஊத்தின இங்க்ஜெட்ல எடுத்தா மட்டும் மிரர் கட்டாயம், ஏன்னா அச்சான பக்கமே தோல்ல படுது.

முடி மழிச்சு, சோப்பால கழுவி, ஆல்கஹால்ல துடைச்சு, ஸ்டென்சில் லோஷனை மெல்லிசாப் பூசுங்க. விரல் வெச்சா பிசுபிசுன்னு ஒட்டணும், வழுக்கக் கூடாது. வழுக்கினா கோடெல்லாம் கரைஞ்சு ஓடும். முன்கையில ஒட்டும்போது கையை இயல்பாத் தொங்கவிடச் சொல்லுங்க. மேஜையில திருப்பி வெச்சு ஒட்டின வரி, கை திரும்பினதும் கோணிக்கும். ஒரு நிமிஷம் அழுத்தி, உரிச்சு, 15 நிமிஷம் காயவிடுங்க. சாய்ஞ்சிருந்தா துடைச்சுட்டு மறுபடி ஒட்டணும், அதனால ஸ்டென்சில் எடுக்கும்போதே இரண்டா எடுத்து வெச்சுக்குங்க.