5 நாள் லீவில சிங்கப்பூர், 17 இடம்: எத்தினையை வெட்டலாம்?

அடுத்த கேள்வி திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. வாசிக்கிறன். "புதன் தொடங்கி ஞாயிறு வரை 5 நாள் லீவு. நான், அவர், 7 வயசு மகன், 66 வயசு அம்மா. சிங்கப்பூர் போறம். 17 இடம் எழுதி வச்சிருக்கிறம். நடுவில ஒரு நாள் கோலாலம்பூரும் பாத்திட்டு வரலாமோ? திங்கள் வேலைக்குப் போக வேணும்."

தங்கச்சி, இடங்களைப் பிறகு பாப்பம். முதல்ல அந்த 5 நாளை எண்ணுவம், ஏனெண்டா உங்களிட்ட 5 நாள் இல்ல.

நீங்கள் நீர்கொழும்பில இருந்து போற ஆக்கள் இல்லயே. திருகோணமலையில வெளிக்கிட்டு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் கடந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வண்டியில 6 மணித்தியாலம் வேணும். தேத்தண்ணி, சாப்பாடு எண்டு நிப்பாட்டினா 7. விமானத்துக்கு 3 மணித்தியாலம் முந்தியே அங்க நிக்க வேணும். இரவு 1 மணி விமானம் எண்டு வையுங்கோவன், மத்தியானம் 2 மணிக்கு வெளிக்கிட்டாத்தான் ஆறுதல். பிந்தினா கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில இருட்டிப்போகும். அந்த றோட்டில இருட்டினாப் பிறகு யானை நிக்கும், தெரியும்தானே. இரவு ரயில் உங்களுக்குச் சரிவராது, அது கொழும்புக் கோட்டைக்கு விடியத்தான் போய்ச்சேரும். ஆகப் புதன்கிழமை முழுக்க றோட்டுக்குப் போச்சு.

பறப்பு 4 மணித்தியாலம் அளவில. சிங்கப்பூர் நேரம் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அப்ப வியாழன் காலமை அங்கத்த நேரம் 7.30க்கு இறங்குவீங்கள். ஆனா ஹோட்டல்ல அறையைப் பொதுவா பின்னேரம் 3 மணிக்குத்தான் தருவினம். பெட்டியை வச்சிட்டுப் போக விடுவினம், படுக்க இடம் இராது. இரவு முழுக்க முழிச்ச 4 பேரை வச்சுக்கொண்டு அண்டைக்குப் பெரிசா ஒண்டும் செய்ய ஏலாது. வியாழனுக்கு அரை நாள் எண்டு எழுதுங்கோ. வெள்ளிக்கு 2 அரை நாள், சனிக்கு 2 அரை நாள்.

ஞாயிறு? பூச்சியம். ஞாயிறு இரவு விமானம் எடுத்தா ஒரு பகல் மிச்சம் எண்டு ஆசை வரும். அப்பிடி வந்தா நடுச்சாமத்தில கட்டுநாயக்காவில இறங்கி, சாரதி நித்திரை தூங்கத் தூங்க, அதே யானை றோட்டில வந்து, விடிய வீட்டுக்குள்ள கால் வச்சு, 8 மணிக்குக் கந்தோருக்குப் போக வேணும். ஞாயிறு காலமை 9.30 மாதிரி ஒரு விமானம் பாருங்கோ. மணிக்கூட்டில எங்கட நேரம் 11க்கே இறங்கிடுவீங்கள், பொழுதுபடேக்க வீட்ட வந்திடலாம்.

கூட்டினா 5 அரை நாள். கையில இருக்கிறது அவ்வளவுதான்.

கோலாலம்பூர் வேண்டாம். பஸ்ஸில ஒரு வழிக்கு 5, 6 மணித்தியாலம், அதுவும் எல்லைப் பாலத்தில நெரிசல் இல்லாட்டித்தான். வெள்ளி, சனியில அங்க நெரிசல்தான். விமானம் ஒரு மணித்தியாலம் எண்டாலும் அறையில இருந்து அறைக்கு 5 மணித்தியாலம் தின்னும். 2 நாட்டுக் குடிவரவு வரிசை, திரும்பி உள்ள வரேக்க சிங்கப்பூருக்குரிய வருகை அட்டையைத் திரும்பவும் நிரப்ப வேணும். 5 அரை நாளில 2 இதுக்கே போயிடும்.

இப்ப அந்த 17. கொழும்பில இருந்து ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு இங்க திருகோணமலைக்கு வந்து கோணேசர் கோயில், கன்னியா, புறாத்தீவு, நிலாவெளி, பின்னேரம் சீகிரியா எண்டு சொன்னா நாங்கள் சிரிப்பமா இல்லயா? புறாத்தீவுக்குக் காலமைக் கடல்ல போக வேணும், மத்தியானம் கோயில் நடை சாத்திடும் எண்டு எங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரிலயும் ஒவ்வொரு இடத்துக்கும் இப்பிடி ஒரு நேரம் இருக்கு. வரைபடத்தில 2 விரல் தூரமாத் தெரியிறதால அதை ஆரும் யோசிக்கிறேல்ல.

யூனிவர்சல் ஸ்டூடியோஸ் முழு நாள், 2 அரை நாள். மிருகக்காட்சிசாலை ஒரு அரை நாள், அதுவும் காலமைதான். மத்தியானத்துக்குப் பிறகு வெக்கையில மிருகங்கள் நிழலுக்குள்ள போயிடும், அனேகமா மழையும் அந்த நேரத்திலதான் இறங்கும். உங்கட பட்டியல்ல மிருகக்காட்சிசாலையும் நைட் சஃபாரியும் ஒரே நாளில கிடக்கு. ரெண்டும் மண்டாய்ப் பக்கம், பக்கத்தில பக்கத்தில, சேத்து நுழைவுச்சீட்டும் விப்பினம். ஆனா நைட் சஃபாரி இரவு 7.15க்குத்தான் திறக்கும். மிருகக்காட்சிசாலையை மத்தியானம் 1 மணிக்கு முடிச்சா நடுவில 6 மணித்தியாலம் எங்க நிக்கிறது? நகரத்துக்குப் போய்த் திரும்பி வந்தா அந்த நேரம் றோட்டிலயே போயிடும். அங்கயே நிண்டா அம்மாவின்ர கால் வீங்கிடும். ஒண்டை விடுங்கோ. மகனுக்கு யூனிவர்சல்தான் வேணுமெண்டா மண்டாய்ப் பக்கமே போகாதேங்கோ.

எதை வெட்டுறது எண்டு வீட்டில சண்டை வரும். அதுக்கு ஒரு வழி: ஆளுக்கு ஒண்டு மட்டும் சொல்லச் சொல்லுங்கோ. "இது பாக்காட்டிப் போனதே வீண்" எண்டுற ஒண்டு. 4 பேர், 4 இடம். அதுக்கு மட்டும் நாளும் நேரமும் போடுங்கோ. மிச்சம் 13ஐயும் எந்த இடத்துக்குக் கிட்ட எண்டு பாத்து அதின்ர பக்கத்தில சின்னனா எழுதி வையுங்கோ. நேரமும் காலும் இருந்தாப் பாக்கலாம்.

நேர வித்தியாசத்தையும் உங்கட பக்கம் திருப்பலாம். அங்க காலமை 8 மணி எண்டா உங்கட உடம்புக்கு விடிய 5.30. மகனை எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடுறது பாவம். அதே நேரம் அங்க இரவு 10 மணி உடம்புக்கு 7.30 மாதிரித்தான் இருக்கும். பொழுதுபடுறதும் அங்க 7 மணிக்குத்தான். அதால மிருகக்காட்சிசாலை நாளைத் தவிர மற்ற நாளில 10 மணிக்கு வெளிக்கிடுங்கோ, பாரமான நிகழ்ச்சியைப் பின்னேரத்தில வையுங்கோ.

நான் எண்டா இப்பிடிப் போடுவன். தங்குறது லிட்டில் இந்தியாப் பக்கம். வியாழன் பெட்டியை வச்சிட்டு வீரமாகாளியம்மன் கோயில், மத்தியான நடை சாத்த முந்தி. பிறகு வாழையிலைச் சாப்பாடு, 3 மணிக்கு அறை, நித்திரை. பொழுதுபட்டாப் பிறகு சிராங்கூன் றோட்டில ஒரு நடை, காணும். வெள்ளி காலமை மிருகக்காட்சிசாலை, பின்னேரம் ஓய்வு, இரவு முஸ்தபா கடை. அது சாமம் கடந்தும் திறந்திருக்கும், அறைக்குக் கிட்ட, சாமானோட அலைய வேண்டாம். சனி காலமை ஒண்டும் போடாதேங்கோ. மழையால தப்பினது, மகன் அடம்பிடிக்கிறது எல்லாம் அதுக்குள்ள வரும். பின்னேரம் 4 மணிக்கு கார்டன்ஸ் பை த பே பூங்கா, உள்ளுக்குக் குளிரூட்டின கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடி மண்டபம், பிறகு வெளியில சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி. அது 7.45க்கும் 8.45க்கும் நடக்கும், காசில்லை. 7.45ஐக் குறி வையுங்கோ, தவறினா மற்றது இருக்கு. கிளவுட் ஃபாரஸ்டை இடைக்கிடை பராமரிப்புக்குப் பூட்டுவினம், நுழைவுச்சீட்டு எடுக்க முந்தி அவையின்ர தளத்தில அண்டைய திகதியைப் பாருங்கோ. முற்பணம் கட்டின சீட்டு ஒரு நாளைக்கு ஒண்டுக்கு மேல வேண்டாம். காசு கட்டினதுக்காகக் காய்ச்சல்காரப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போற நிலைமை அதாலதான் வாறது.

கூகுள் வரைபடம் 35 நிமிசம் எண்டா நீங்கள் 55 எண்டு எழுதுங்கோ. நிலையத்துக்கு நடக்கிறது, லிஃப்ட் தேடுறது, மகனுக்கு மூத்திரம் வாறது எல்லாம் அந்த 20க்குள்ள. ரயிலுக்கு உங்கட வங்கி அட்டையையே தட்டலாம், ஆனா ஆளுக்கு ஒரு அட்டை வேணும், ஒண்டை 2 பேருக்குத் தட்ட ஏலாது. வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடச்சொல்லி இங்கயே வங்கியில சொல்லிட்டுப் போங்கோ. செயலியில கார் கூப்பிடேக்க ஒண்டு கவனம்: 1.35 மீட்டருக்குக் குறைஞ்ச பிள்ளைக்குத் தனியார் வாடகைக் காரில பிள்ளை இருக்கை கட்டாயம், இல்லாட்டி ஏத்த மாட்டினம். டாக்ஸிக்கு அந்தச் சட்டத்தில விலக்கு இருக்கு, டாக்ஸியைக் கூப்பிடுங்கோ.

பாஸ்போட் 6 மாதத்துக்கு மேல செல்லுபடியா இருக்க வேணும். விசா உங்களுக்குத் தேவையில்ல, ஆனா வருகை அட்டையை இறங்கிற நாளோட சேத்து 3 நாளுக்குள்ள இணையத்தில நிரப்ப வேணும். அது இலவசம். காசு கேக்கிற தளம் எண்டா அது அரசாங்கத் தளம் இல்ல.

கடைசியா, உங்கட பட்டியல்ல "இறங்கின உடன ஜுவல் நீர்வீழ்ச்சி" எண்டு கிடக்கு, சிங்கப்பூர் விமான நிலையத்தோட இருக்கிறது அது. காலமை 7.30க்கு அதில தண்ணி விழாது, 10, 11 மணிக்குப் பிறகுதான் திறந்து விடுவினம். ஞாயிறு காலமை திரும்பி வரேக்கயும் அதே கதைதான். அதைப் பாத்தே தீர வேணும் எண்டு அம்மா சொன்னா, அது அவவின்ர ஒண்டு. சனி காலமை ஒண்டும் போடாம விட்டனே, அங்க வையுங்கோ.