உட்கார்ந்து குடிக்கும் தேத்தண்ணி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

அன்றாட வாழ்க்கையைக் கொஞ்சம் நன்றாக்கிக்கொள்ள மூன்று எளிய பழக்கங்கள் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் 34 வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கொடுத்திருக்கும் நேரம் 12 நிமிடம். பழக்கம் ஒன்றுக்கு 4 நிமிடம். கணக்குச் சரியாக வருகிறது. பார்ப்போம்.

முதல் பழக்கம், உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பது.

சிரிக்காதீர்கள். அடுப்படியில் நின்றுகொண்டே வானொலி கேட்கும் தங்கச்சிமார் கையில் இப்போதுகூட ஒரு கோப்பை இருக்கலாம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் என்னை நானே திருத்தி அமைக்க வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். காலை நாலரைக்கு எழும்புவது, தியானம், ஆங்கிலச் சொல் பத்து, சுடுதண்ணீரில் எலுமிச்சை என்று 11 விடயங்கள். செய்தால் சரி அடையாளம், செய்யாவிட்டால் புள்ளடி. வாத்தியார் புத்தி எங்கே போகும்? நான்காம் நாள் பக்கம் முழுக்கப் புள்ளடி. எங்கள் வீட்டம்மா அந்தக் கொப்பியை எடுத்து வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என்னாங்க, இதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல ஒரு எடத்துல உக்காந்து தேத்தண்ணியக் குடிங்க."

அப்போதுதான் என்னைக் கவனித்தேன். வாசற்படியில் நிற்கிறேன். ஒரு கையில் கோப்பை, மறு கையில் போன். பேருந்துக்கு ஓட வேண்டிய வேலையும் இல்லை, மணி அடிக்கும் பாடசாலையும் இல்லை. ஆனாலும் நிற்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது? லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டு அறையில், பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மா நாலு மணிக்கு எழும்புவார். பீலியில் தண்ணீர் பிடித்து வந்து, கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறை அடுப்பில் தள்ளி, ஊதி ஊதி, ரொட்டி தட்டி, எங்களை எழுப்பி... பெரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் நேரம் நெருங்கும்போது இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே, கதவடியில் நின்று, ஒரே மூச்சில் தேத்தண்ணியை ஊற்றிக்கொள்வார். அதைக் குடிப்பது என்று சொல்ல முடியாது. ஊற்றிக்கொள்வதுதான். அப்புறம் மலையில் பத்து மணிக்கு ஒரு மிடறு, அதுவும் போத்தலில் கொண்டுபோன ஆறிய தேத்தண்ணி. போத்தலுக்கு மூடி கிடையாது, காகிதத்தைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். கூடையை இறக்காமலே குடிப்பார்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதை நாங்கள் பாடசாலையில் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். அத்தனை வருடமாகத் தேயிலைக்குள்ளேயே இருக்கிறோம். உலகம் முழுக்க நாற்காலி போட்டு, பிஸ்கட் வைத்துக் குடிக்கிறது. பறித்த கை மட்டும் நின்றுகொண்டு குடிக்கிறது. எனக்கு இதில் இன்றும் ஒரு கோபம் உண்டு. சரி, அது வேறு பேச்சு.

அம்மா உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததை நான் முதன்முதலில் பார்த்தது 1974இல். எனக்கு 14 வயது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தப் பெரிய எண்ணுக்குள் எங்கள் பெரியப்பா குடும்பம் ஐந்து பேர். பக்கத்துக் காம்பரா. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் பெரியம்மா இருமினால் இந்தப் பக்கம் அம்மா, "அக்கா, கசாயம் வைக்கவா?" என்று கேட்பார். அவர்களுக்குப் பயணத் திகதி வந்துவிட்டது. தகரப் பெட்டி இரண்டு, பாய் ஒன்று, ஒரு அம்மிக்கல். அம்மிக்கல்லைக் கொண்டுபோக வேண்டாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் பெரியம்மா கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இரண்டு வீட்டு ஆட்களும் எங்கள் காம்பராவில் வட்டமாக உட்கார்ந்தோம். அது சீனிக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த காலம். அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டைத் தட்டி, ஆளுக்கு ஒரு சிறு துண்டு உள்ளங்கையில் வைத்தார். கடித்துக் கடித்துக் குடித்தோம். அம்மா கடைசியாக ஊற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. யாருடைய மாடு கன்று போட்டது, எந்த மலையில் அட்டை அதிகம், இப்படித்தான். கோப்பை காலியானதும் பெரியப்பா "இன்னொரு வாய் ஊத்து தாயி" என்றார். மறுபடி கேத்தல் அடுப்பில் ஏறியது. அன்று இரவு அந்தக் கேத்தல் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று, கணக்கு வாத்தியாராகப் போகிற நான், எண்ணாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் அட்டன் ஸ்டேஷன். அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று வயதானவர்களுக்குத் தெரியும். ஒப்பாரிக் கோச்சி. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முதல் நாள் இரவுதான்.

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். வீட்டம்மா சொன்னபடி, பின்னேரம் நாலு மணிக்கு இஸ்தோப்பில், வீட்டு முன் விறாந்தையில், உட்கார ஒரு வாங்கு போட்டோம். தொலைக்காட்சி நிற்கும், போன் உள்ளே இருக்கும். முதல் நாள் பேச ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், கண் ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. இரண்டாம் நாளும் அப்படித்தான். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், முதல் ஒரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

பத்தாம் நாளோ என்னவோ, குடித்துவிட்டு அவர் சொன்னார்: "இன்னைக்குத்தான் சூடா குடிக்கிறேன்." எனக்கு விளங்கவில்லை. விசாரித்தால், கல்யாணமான நாளிலிருந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த பிறகு கேத்தலில் மிஞ்சிய அடிமண்டியைத்தான் அவர் குடித்து வந்திருக்கிறார். ஆறி, கறுத்து, கசந்தது. எத்தனை வருடம்? முப்பத்தாறு. ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

அடுத்த நாளிலிருந்து தேத்தண்ணி போடுவது என் வேலை. இதில் எனக்கு இப்போது ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. கொஞ்சம் சொல்கிறேன். தண்ணீரைப் புதிதாகப் பிடித்துக் கொதிக்க வைக்க வேண்டும், காலையில் கொதித்ததையே மறுபடி சூடாக்கக் கூடாது. நம் பக்கத்தில் இன்னொரு விடயமும் உண்டு. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொழும்பில் 100 டிகிரி என்றால் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 டிகிரிதான். பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான், மருமகளைக் குறை சொல்லாதீர்கள். அதனால் கொதி வந்ததும் தாமதிக்காமல் தூளில் ஊற்றுங்கள். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. மூடி வைத்து மூன்று, நான்கு நிமிடம். அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் சாயம் ஏறும், மணம் போய்விடும்.

டஸ்ட் தேயிலை என்றால் கூட்டி அள்ளிய குப்பை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை, அது துகளின் அளவுக்கு வைத்த பெயர். நல்ல டஸ்டும் உண்டு. நமக்கு வந்து சேர்ந்தது எந்த டஸ்ட் என்பதுதான் கேள்வி! முடிந்தால் வருடத்தில் ஒரு தடவையாவது காசு சேர்த்து நல்ல தூள் ஒரு பாக்கெட் வாங்குங்கள். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, பனியும் வெயிலுமாக இருக்கும்போது, தனி மணம். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை, அந்தக் காய்ந்த காற்று அடிக்கும் மாதங்களில். நாமே பறித்ததை நாமே ஒரு தடவை மணந்து பார்க்க வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. உறிஞ்சிக் குடிக்கும் பிள்ளைகளை நான் வகுப்பில் திட்டியிருக்கிறேன், மரியாதை தெரியாதா என்று. ஒரு முறை மாணவர்களை ஸ்டோர், அதுதான் தேயிலைத் தொழிற்சாலை, பார்க்கக் கூட்டிப்போனேன். அங்கே டீமேக்கர் ஐயா வரிசையாகக் கோப்பை வைத்து, கரண்டியில் அள்ளி, 'சர்ர்ர்' என்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினாரே பார்க்க வேண்டும்! காற்றோடு கலந்து உறிஞ்சினால்தான் மணம் மூக்குக்குப் போகுமாம், ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தானாம். முப்பது பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றோடு அந்தத் திட்டை விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள அது விடாது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். இரத்தம் குறைவாக இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இது முக்கியம். ரொட்டியையும் தேத்தண்ணியையும் ஒன்றாக உள்ளே தள்ளிவிட்டு மலையேறும் நம் பெண்களுக்காகத்தான் மறுபடியும் சொல்கிறேன்: சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, உட்கார்ந்து.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா? 12-ஐ மூன்றால் வகுக்கத் தெரிந்தவனுக்கு இந்த நிலைமை.

சரி, இரண்டாவது பழக்கம் நடை. மலைநாட்டில் நடக்கச் சொல்வது மீனுக்கு நீச்சல் சொல்வது மாதிரி. ஆனால் இப்போது ஆட்டோ வந்த பிறகு கடைக்குப் போகக்கூட ஆட்டோதான். இறங்கும்போது ஆட்டோவை விடுங்கள், குறுக்குப் பாதையால் இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இறக்கத்தைத் தவிருங்கள், ஏற்றத்தை விட முழங்காலுக்குச் சிரமம் இறக்கம்தான். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போனால் பேச்சுத்துணை.

மூன்றாவது, கடிதம். கையால் எழுதுவது. இதற்குத்தான் நிறையக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். பெரியப்பா வீட்டார் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். முதல் கடிதத்தில் பெரியப்பா எழுதியிருந்தது, "இங்கேயும் தேயிலைதான், தம்பி." இப்போது அவர் மகனுக்கு, எங்கள் அண்ணனுக்கு, மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். அண்ணன் அதைப் படம் பிடித்து எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கெடச்சிருச்சு" என்கிறார். அந்த அம்மிக்கல் அவர் வீட்டில் இன்றும் இருக்கிறதாம். அதைப் பற்றி அவர் எழுதியதையும் வாசிக்க நினைத்தேன்...

ஒரு விரல். சரி தம்பி, முடிக்கிறேன். எனக்கும் மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நான் போனால்தான் வீட்டில் கேத்தல் ஏறும். வணக்கம்.