இட்லிக் கொப்பரையில் ஹனி கேக்

ஹாய் மக்களே. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், கடுப்பில் இருக்கிறேன். காலேஜ் முடிந்து வரும் வழியில் வழக்கமாக நிற்கிற பேக்கரியில் ஹனி கேக் ஒரு துண்டை 35 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். நான் கோயம்புத்தூருக்குப் படிக்க வந்த வருடம் அது 20 ரூபாய். சரி, விலைவாசி ஏறுகிறது, ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் துண்டையும் சேர்த்துச் சின்னதாக்கினால் எப்படி? பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து அளந்து பார்த்தேன், சத்தியமாக அளந்தேன், டீ மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு தீப்பெட்டி அகலம், அவ்வளவுதான். ஜாமைப் பூசினார்களா, இல்லை ஜாம் பாட்டிலைத் தூரத்தில் இருந்து காட்டிவிட்டு எடுத்துவிட்டார்களா தெரியவில்லை.

ஹனி கேக் என்றால் நான் எப்படி ஆகிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். பிளாக் ஃபாரஸ்ட், ரெட் வெல்வெட் எல்லாம் எனக்கு ஆகவே ஆகாது, அந்த க்ரீம் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கேக், சொதசொதவென்று பாகில் ஊறி, மேலே சிவப்பு ஜாம், அதற்கு மேல் தேங்காய்த் துருவல். அதுதான் கேக். முதல் அரியர் விழுந்த அன்றைக்கும் அதைத்தான் தின்றேன், அந்த அரியரை எழுதிப் பாஸான அன்றைக்கும் அதைத்தான் தின்றேன்.

அதனால் ரோஷம் வந்து அறையிலேயே செய்துவிட்டேன். இதோ பாருங்கள், இது ஒன்பதாவது துண்டு, மீதி எட்டும் எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

நம் அறையில் ஓவன் கிடையாது. ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு தோசைக்கல், சீனியர் அக்காவின் மிக்ஸி, இவ்வளவுதான் நம் சமையலறை. குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் கிண்ணத்தை வைத்துக் கேக் செய்கிற வீடியோ எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி தூத்துக்குடியில் இருந்து அம்மாவின் பழைய குக்கரைப் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். மடியில். இரவு முழுக்க. கொண்டுவந்து அடுப்பில் வைத்தால் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. அது அலுமினிய குக்கர். இண்டக்ஷனுக்குக் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும், அலுமினியத்தைப் பாத்திரமாகவே மதிக்காது. சரி என்று ஓனர் அம்மாவிடம் இண்டக்ஷன் குக்கர் கடன் வாங்கி உப்பைக் கொட்டினால், பத்து நிமிடத்தில் அடி அதிகமாகச் சூடாகிவிட்டது என்று அடுப்பே தன்னை அணைத்துக்கொண்டது. திரும்பப் போட்டேன், திரும்ப அணைந்தது. உள்ளே மாவு பாதி வெந்து, பாதி கஞ்சியாக இருந்தது. அந்த வீடியோக்களில் எல்லாம் கேஸ் அடுப்பு மக்களே! அதை ஒருத்தராவது வாய்விட்டுச் சொன்னார்களா?

அப்புறம்தான் இட்லிப் பானை ஞாபகம் வந்தது. உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டே இருப்பதால் அடுப்பும் சண்டை போடாது. டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன், கையில் ஃப்ரிட்ஜ் காந்தத்தோடு. எவர்சில்வர் என்றாலே இண்டக்ஷனில் வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள், சில எவர்சில்வரில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு பானையாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காந்தத்தை வைத்துப் பார்க்க, கடைக்கார அண்ணன், "பொண்ணு பார்க்க வந்த மாதிரி பாக்கறீங்களேங்க" என்றார். 1,250 சொன்னார். நான் 1,000 கேட்டேன். மூன்று முறை படி இறங்கி, மூன்று முறை திரும்பி ஏறி, கடைசியில் 1,080. என் வாழ்நாளில் நான் பேரம் பேசி ஜெயித்தது இதுதான் முதல் தடவை, அதனால் இதை இன்னும் இரண்டு வீடியோவிலாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொன்னதும், "ஏ பிள்ள, இட்லிக் கொப்பரையில கேக்கா?" என்று சிரித்தார்கள். எங்கள் ஊரில் இட்லிப் பானைக்கும் கொப்பரை என்றுதான் பெயர், காய்ந்த தேங்காய்க்கும் அதே பெயர்தான். இந்தக் கேக்குக்கு இரண்டு கொப்பரையும் வேண்டும்.

சரி, செய்முறை. முக்கால் கப் சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து, அதிலேயே இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, வெளுத்து நுரைக்கும் வரை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கால் கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா, மறுபடி ஒரு சுற்று. ஒரு கப் மைதாவையும் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்து, கால் கப் பால் விட்டுக் கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள், போட்டு அடிக்காதீர்கள். பேக்கிங் பவுடர், சோடா இல்லை. போன தடவை இரண்டும் வெள்ளைப் பொடிதானே என்று ஆப்பச் சோடாவைப் போட்டேன், தயிர் மாதிரி புளிப்பு எதுவும் மாவில் இல்லாததால் கேக் முழுக்கச் சோப்பு வாடை.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன், பின்னால் போகிறேன். மிக்ஸி ஜாரை முதலில் முகர்ந்து பாருங்கள். அக்கா அதில் தினமும் பூண்டுச் சட்னி அரைப்பார். என் முதல் கேக்கைப் பூண்டு கேக் என்றே இந்தத் தெருவில் சொல்கிறார்கள். காய்ந்த ரவை ஒரு கைப்பிடி போட்டு ஓட்டித் துடைத்தால் வாடை போய்விடுகிறது.

எண்ணெய் தடவி மைதா தூவிய கிண்ணத்தில் மாவைப் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. இட்லித் தட்டை எடுத்துவிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். தண்ணீர் கொதித்த பிறகுதான் வைக்க வேண்டும், மூடியில் துணி கட்ட வேண்டும், இல்லையென்றால் ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து கேக்கின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். முதல் இருபது நிமிடம் திறக்கவே கூடாது. அரை மணி நேரத்தில் குச்சி விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வரும். அப்புறம், பானைக்குள் ஒரு ரூபாய்க் காசு போடுங்கள், இது ஆச்சி சொல்லிக்கொடுத்தது. கொதிக்கிற வரை கடகடவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மேல்தோல் சிவக்கவே சிவக்காது, வெளுத்துப்போய்ப் பாவமாகத்தான் இருக்கும். வேறு எந்தக் கேக்குக்கும் இது குறைதான். ஹனி கேக்குக்கு யார் பார்க்கப் போகிறார்கள், மேலேதான் ஜாம் மூடிவிடுகிறதே! ஆறியதும் ஃபோர்க்கால் குத்தி, கால் கப் சர்க்கரையும் கால் கப் தண்ணீரும் கொதிக்கவைத்து இறக்கி இரண்டு ஸ்பூன் தேன் கலந்த பாகை வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். அதே பாகில் ஒரு ஸ்பூனை எடுத்து ஜாமை இளக்கிப் பூசி, கொப்பரைத் துருவலைத் தூவினால் முடிந்தது. ஜாம் எனக்கு இலவசம், ஹாஸ்டல் தோழிகள் காலை பிரெட்டுக்குக் கொடுக்கிற பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்துத் தந்தார்கள்.

கணக்குப் போட்டேன், போடாமல் விடுவேனா. மைதா 7, முட்டை 14, சர்க்கரை 7, எண்ணெய் 9, பால் 3, பேக்கிங் பவுடர் 2, கொப்பரை 10, தேன் 10. மொத்தம் 62. கரண்ட் கிட்டத்தட்ட அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஓனர் அம்மா யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார், அதற்கு 5. ஆக 67 ரூபாய்க்கு ஒன்பது துண்டு, துண்டு ஏழரை ரூபாய். ஏழரை எனக்கு இல்லை, அந்த பேக்கரிக்கு. பானை விலையைச் சேர்க்கவில்லையே என்று கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். அது முதலீடு.

அந்த எட்டுத் துண்டா? ஜாம் கொடுத்த தோழிகளுக்கு நான்கு, அக்காவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. "என்ன கண்ணு, வாசம் மாடி வரைக்கும் வருது" என்று வந்த ஓனர் அம்மாவுக்கு ஒன்று. சாப்பிட்டுவிட்டு அவர் குக்கரைப் பற்றிக் கேட்கவில்லை, உப்புக் கறை இன்னும் போகவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தூத்துக்குடிக்காரி மக்ரூன் எப்போது செய்வாய் என்று கேட்கிறவர்களுக்கு, செய்யமாட்டேன். அது முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்து மிதமான சூட்டில் காயவேண்டிய சாமான், ஆவியில் வைத்தால் கரைந்து ஓடிவிடும். ஊருக்குப் போகும்போது வாங்கிவந்து உங்கள் முன்னால் தின்கிறேன்.

ஒரு நிமிடம், எண்ணெய் என்ன எண்ணெய் என்று சொல்லவே இல்லையே. சூரியகாந்தி எண்ணெய். அம்மா கொடுத்துவிட்ட நல்லெண்ணெயை ஊற்றிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.