தங்க மரம் விழுந்த ஊர்

நண்பர்களே, வணக்கம். ஊர் சுற்றி வந்தவன் கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நான் அங்கே போன கதையைச் சுருக்கிவிட்டு மரத்துக்கு வந்துவிடுகிறேன்.

கனடாவின் மேற்குக் கடலில் ஹைடா குவாய் என்று ஒரு தீவுக்கூட்டம். 2010 வரை அரசாங்க வரைபடத்தில் அதன் பெயர் குயின் சார்லட் தீவுகள். பெருநிலத்துக் கரையிலுள்ள பிரின்ஸ் ரூப்பர்ட் துறைமுகத்தில் கப்பலேறினால் ஹெக்கட்டி நீரிணையைக் கடக்க ஏழு மணி நேரம் போல ஆகிறது. ஆழமில்லாத கடல், காற்று கிளம்பினால் அலை சுவர்போல எழும். என் குடல் வாய்க்கு வந்துவிட்டது. சரி, அது போகட்டும்.

கரையிறங்கி வடக்கே போனால் போர்ட் கிளமென்ட்ஸ். சுமார் 300 பேர் வாழும், மரம் வெட்டிப் பிழைக்கிற கடலோரக் கிராமம். இரண்டு உலகப் போர்களிலும் விமானம் கட்ட இந்தத் தீவுகளின் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரமும் போனது. எடை குறைவு, உறுதி அதிகம்.

அந்த ஊருக்குப் பக்கத்தில், யாகூன் ஆற்றங்கரையில், ஒரு ஸ்ப்ரூஸ் மட்டும் பொன்னிறமாக நின்றது. சுமார் 50 மீட்டர் உயரம், 300 வயதுக்கு மேல். வெயில் படும் ஊசியிலைகளில் பச்சையம் தங்காத ஒரு மரபுக் கோளாறு. வழக்கமாக இப்படிப்பட்ட மரம் கன்றிலேயே பட்டுப்போகும். இது எப்படியோ தப்பிவிட்டது. அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ஹைடா மக்கள் அதைக் கீட்கியாஸ் என்றார்கள். அழிந்த ஊரைவிட்டுத் தாத்தாவோடு தப்பியோடிய பையன், "திரும்பிப் பார்க்காதே" என்ற சொல்லைக் கேட்காமல் பார்த்தான். நின்ற இடத்திலேயே மரமானான். இது அவர்கள் சொல்லும் கதை. மரம் வெட்டும் நிறுவனமே அதைச் சுற்றிக் கொஞ்சம் காட்டைத் தொடாமல் விட்டிருந்தது.

1997 ஜனவரி. கிராண்ட் ஹாட்வின் என்பவர், ஒரு காலத்தில் மரத்தொழிலிலேயே இருந்தவர், உறையும் குளிரில் இரவோடிரவாக ஆற்றை நீந்திக் கடந்தார். கையில் இயந்திர ரம்பம். மரத்தை முழுதாகச் சாய்க்கவில்லை. அடுத்த காற்றுக்கு விழும்படி, தொழில் தெரிந்தவன் கணக்கில், அறுத்துவிட்டுப் போனார். இரண்டொரு நாளில் விழுந்தது. காட்டை மொட்டையடிக்கும் நிறுவனங்கள் ஒற்றை மரத்தைக் காட்டி நல்ல பேர் வாங்குகின்றன என்பது அவருடைய ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரம்பத்தை வைத்த இடம்? நீதிமன்ற விசாரணைக்குக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கிளம்பிய மனிதர் வந்து சேரவே இல்லை. உடைந்த கயாக் மட்டும் பிறகு அலாஸ்கா பக்கம் கிடைத்தது.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஹைடா மக்கள் ஒரு மனிதன் இறந்ததுபோலத் துக்கம் அனுசரித்தார்கள். தினமும் நூறு மரத்தைச் சாய்த்துச் சோறு தின்ற ஊரும் கூடவே கலங்கியது. அதே ஆண்டு அந்த ஊரில் திரிந்த வெள்ளை அண்டங்காக்கை ஒன்று மின்சாரம் தாக்கிச் செத்தது. பதப்படுத்தி, சின்ன அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வெளியே துருப்பிடித்த மரவெட்டு யந்திரங்கள், உள்ளே அந்தப் பறவை. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

அப்புறம், ஊருக்குத் தெற்கே, மரலாரி போகும் சாலையோரக் காட்டுக்குள் ஒரு தோணி கிடக்கிறது. சிடார் மரத்தை வீழ்த்தி, முனை செதுக்கி, பாதியில் விட்டது. மேலெல்லாம் பாசி. தோணிக்கு மரம் தேடும் ஹைடாக்காரர் முதலில் அடிமரத்தில் ஒரு துளை வெட்டி உள்ளே கை விட்டுப் பார்ப்பாராம். நடுவில் சொத்தை என்றால் அப்படியே விட்டுவிடுவார். அப்படித் துளை விழுந்தும் சாகாத சிடார்கள் அந்தத் தீவில் இன்னும் நிற்கின்றன. அப்படி ஒன்றில் நானும் கை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. உள்ளே ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.