தும்பு முட்டாசு மாதிரி ஒரு குளிசை செய்தால்?

வணக்கம் மக்களே! திருகோணமலை டச் பே கடற்கரையில் நிற்கிறேன். ஒரு கையில் கற்கண்டு, மற்றக் கையில் இப்போதுதான் மணியடித்துக்கொண்டு வந்த ஐயாவிடம் வாங்கிய தும்பு முட்டாசு. இரண்டுமே சீனிதான், வேறொன்றும் இல்லை. தும்பு முட்டாசை நாக்கில் வைத்தேன், காணவில்லை. கற்கண்டு இந்த வீடியோ முழுக்கக் கன்னத்துக்குள்ளேயே கிடக்கப்போகிறது, என் உச்சரிப்பு ஒரு மாதிரி இருந்தால் மன்னிக்கவும். ஆனால் கேளுங்கள், இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஒரு எச்ஐவி மருந்தையே காப்பாற்றினார்கள்.

முதலில் கொஞ்சம் பாடம், வேகமாக முடித்துவிடுகிறேன். விழுங்கிய குளிசை வயிற்றிலும் குடலிலும் உள்ள நீரில் கரைந்தால்தான் இரத்தத்துக்குப் போகும். தண்ணீரோடு ஒட்டாத மருந்து கரையாமல் அப்படியே வெளியே போய்விடும், காசு போன இடத்தை நான் சொல்லத் தேவையில்லை. மாவாக அரைத்தால் கொஞ்சம் சரிவரும், ஏனென்றால் ஒரு மில்லிமீட்டர் கட்டியை மைக்ரோமீட்டர் துண்டுகளாக்கினால் தண்ணீர் படுகிற பரப்பு 1000 மடங்கு ஆகும். சரி, பாடம் முடிந்தது.

இனி கதை. ரிட்டோனாவிர் என்ற அந்த மருந்து 1996இல் சந்தைக்கு வந்தது. 1998இல், அதே தொழிற்சாலையில், அதே மூலக்கூறு திடீரென்று வேறு மாதிரிப் படிகமாகத் தொடங்கியது. கலப்படம் இல்லை, மூலக்கூறுகள் அடுக்கிய விதம்தான் வேறு, ஆனால் கரைவது மிக மோசம். இன்னும் பயங்கரம், அந்தப் புதுப் படிகத்தின் ஒரு துணுக்கு பட்டாலே பக்கத்தில் உள்ளதும் அப்படியே மாறும். தம்பலகாமத்துத் தயிர்ச் சட்டியை நினையுங்கள், ஒரு கரண்டி உறைமோர் போதும், விடிந்தால் சட்டி முழுக்கத் தயிர். படிகத்துக்கு உயிர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய மாத்திரைக் கூடுகளை, அதாவது கப்சியூல்களை, சந்தையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது, நோயாளிகள் வாய்க்கு வைக்க முடியாத ஒரு திரவத்தைக் குடித்தார்கள், பிறகு வந்த கூடுகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அப்புறம்தான் தும்பு முட்டாசு. கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசையாக, ஒன்றையொன்று இறுகப் பிடித்து நிற்கும், தண்ணீர் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். தும்பு முட்டாசில் உருகிய சீனி சுழன்று வெளியே பறந்த கணத்திலேயே குளிர்ந்துவிடுகிறது, வரிசையில் நிற்க நேரமே கிடையாது, கலைந்த கூட்டம். கலைந்த கூட்டத்தைக் கரைப்பது சுலபம். சீனி எப்படியும் கரையும் என்பதால் நமக்கு வேகம் மட்டும்தான் தெரிகிறது, மருந்தில் கரைகிற அளவே கூடிவிடும்.

ஆனால் இதோ பாருங்கள், (கமராவுக்கு அருகில் காட்டவும்) நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே திருகோணமலைக் கடற்காற்று என் முட்டாசைச் சுருக்கிப் பிசுபிசுப்பாக்கிவிட்டது. ஈரம் பட்டால் மூலக்கூறுகள் மறுபடி வரிசைக்குத் திரும்பப் பார்க்கும். மருந்துக்கும் அதே ஆபத்து. அதனால் பாலிமர் என்ற நீளமான மூலக்கூறுகளை மருந்தோடு சேர்த்து உருக்கிவிடுகிறார்கள், கதைகாரப் பிள்ளைகளை வகுப்பில் பிரித்து உட்கார வைக்கிற டீச்சர் வேலை அதற்கு. உருக்கிப் பிழிகிற இயந்திரம் சூடேற்றிய இடியப்ப உரல்தான் என்று வையுங்கள், உள்ளே திருகாணி சுழலும். இன்னொரு வழி, கரைசலைத் தூவி உலர்த்துவது, நம் வீட்டுப் பால்மா செய்கிற முறையேதான். 2005இல் லொபினாவிர் என்ற இன்னொரு எச்ஐவி மருந்தோடு சேர்த்து ரிட்டோனாவிர் இப்படி உருக்கிய குளிசையாக வந்தது, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. மின்வெட்டு பார்த்த நமக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விசயமென்று. கோவிட் காலத்தில் வந்த பேக்ஸ்லோவிட் என்ற கோவிட் மருந்துப் பெட்டியிலும் இதே ரிட்டோனாவிர் இருந்தது.

சாப்பாடும் விளையாடும். மலேரியா மருந்து லூமெஃபான்ட்ரினைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தபோது உடலுக்குள் சேர்ந்தது 16 மடங்கு. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடானது, அதனால் நம் அம்மம்மாமாருக்கு இது இனித் தேவைப்படாது. ஆனால் "சாப்பிட்டபின்" என்று எழுதிய குளிசையை வெறும் பிளேன்டியோடு விழுங்குகிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள். குளிசையை இடித்துப் பொடியாக்குவதும் வேண்டாம், சிலவற்றுக்கு அது கூடாது, பார்மசியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆட்களே, உங்கள் ஊரில் தும்பு முட்டாசுக்கு என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள், எனக்கு இங்கே ஒரு பந்தயம் ஓடுகிறது.