கிணற்றடிப் பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

“வாத்தியாரையா, பாதையத் தேடுறேங்கிறீக. நீங்க நிக்கிறதே பாதை மேலதான்.”

ஆறு ஆண்டுகளுக்கு முன், பொங்கல் கழிந்த ஒரு காலையில், ஆடு மேய்க்கும் ஓர் ஆத்தா என்னிடம் இப்படிச் சொன்னார். மதுரைக்கு மேற்கே ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிற கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வளாகத்தில் கட்டடம் நிற்கும் இடம் போக மற்றதெல்லாம் முள்ளும் புதரும்தான். விடுதிக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது, பழைய இறவைக் கிணற்றைத் தொட்டுக்கொண்டு கரட்டுக்கு ஏறும், பிள்ளைகள் விடியற்காலையில் அதில்தான் நடப்பார்கள் என்று ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் சொல்லியிருந்தார். நான்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அதைத் தேடப் போனேன். ஒரு மணி நேரம் முள்ளில் கீறிக்கொண்டதுதான் மிச்சம்.

ஆத்தா தன் கையில் இருந்த தொரட்டிக் கம்பைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தரையில் ஊன்றினார். கம்பு இறங்கவில்லை. இரண்டு எட்டு தள்ளிப்போய் ஊன்றினார். பொதுக்கென்று நாலு விரற்கடை இறங்கியது. “ஊனிப் பாத்துக்கிட்டே போங்க. கெட்டியா இருக்கிற எடமெல்லாம் மனுசன் நடந்த எடம்” என்றார். எத்தனையோ வருஷம் மிதிபட்ட மண் இறுகி, ஆள் நடப்பது நின்ற பிறகும் அப்படியே கிடந்தது. அன்றைக்குக் கம்பை ஊன்றி ஊன்றியே கிணறு வரை தடத்தைக் கண்டுபிடித்தோம். போகிற இடமெல்லாம் மாணவர்கள் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டே வந்தார்கள்.

தடம் கிடைத்துவிட்டால் திறப்பது சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். மூடியிருந்ததில் பாதிக்கு மேல் சீமைக் கருவேலம். எங்கள் பக்கம் வேலிக்கருவை என்போம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். தரைக்கு மேலே எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அடித்தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் எட்டுத் தண்டு நிற்கும். முதல் ஆண்டு நாங்கள் அரிவாளால் வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஐப்பசி மழைக்குப் பிறகு முன்னைவிட அடர்த்தியாக வந்து நின்றது. கடப்பாரை போட்டு, ஒரு சாணுக்குக் கீழே வேரோடு எடுத்தால்தான் அது போகும். அறுத்த முள்ளை இழுக்க வெறுங்கை ஆகாது. கவைக்கம்பால் அழுத்திப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இந்த வேலையை எங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் விறகுக்கு முள் வெட்டிப் பழகிய பக்கத்து ஊர்ப் பெண்கள். அவர்கள் கை போகிற வேகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கரட்டுச் சரிவில் உண்ணிச்செடி. அதற்கு வேறு வழி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு உருவாக்கிக் காட்டிய முறை: தூருக்குக் கீழே, மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் ஆணிவேரைத் துண்டித்து, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிடுவது. வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்துபோகும். பூப்பதற்கு முன் செய்ய வேண்டும். பழத்தைத் தின்ற பறவை எந்த மரத்தில் உட்காருகிறதோ, அந்த மரத்தடியில் அடுத்த மழைக்குக் கன்று முளைத்திருக்கும். அதைத் தேடிப் பிடுங்க வேண்டும். உசிலை, காரை, சூரை, குருந்து, சங்கஞ்செடி எல்லாம் அந்த மண்ணின் சொந்தச் செடிகள். அவற்றில் கை வைப்பதில்லை. பாதைக்கு நீட்டிய கிளையை மட்டும் கழிப்போம். செடியின் பெயர் தெரியாதவர் கையில் அரிவாள் கொடுப்பதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு.

நாங்கள் செய்த பெரிய தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து கரட்டுக்கு ஏறும் இடத்தில் பழைய தடம் வளைந்து வளைந்து போனது. நேரே ஏறினால் தூரம் குறையுமே என்று சரிவை நெட்டுக்கு வெட்டித் திறந்துவிட்டோம். அந்தச் சித்திரையில் ஒரே ஒரு கோடை மழை. மறுநாள் போய்ப் பார்த்தால் பாதை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை. மேல்மண் முழுவதும் கிணற்றடியில் வந்து படிந்திருந்தது. பல ஆண்டுகளாகப் புல் பிடித்துவைத்திருந்த மண்ணை ஒரே மழையில் இழந்துவிட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, “தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துட்டுல்ல தடம் போடணும்” என்றார். முன்னோர் வளைத்து வளைத்து ஏறியதற்குக் காரணம் அப்போதுதான் உறைத்தது.

அந்த ஓடையைக் கல்லும் முள்ளும் போட்டு மூடி, பழைய வளைவுக்கே திரும்பினோம். பத்துப் பன்னிரண்டு எட்டுக்கு ஒரு இடத்தில், பாதைக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கல் வரிசை பதித்தோம். பாதையில் இறங்கி வரும் தண்ணீர் அந்தக் கல்லில் தட்டிப் பக்கத்துப் புல்லுக்குள் விலகிப்போகும். பாதையின் பள்ளப்பக்க விளிம்பில் மண் மேடு சேரவிடக் கூடாது. சேர்ந்தால் தண்ணீர் வெளியேறாமல் பாதை வழியே ஓடும். கல் பதித்த பிறகு எத்தனையோ மழை வந்து போய்விட்டது. கல்லை ஒட்டித் தேங்கும் வண்டலை மட்டும் மண்வெட்டியால் வழித்துவிடுகிறோம்.

ஒரு பங்குனியில், வெட்டிக்கொண்டு போன வரிசைக்கு நேரே ஆள்காட்டிப் பறவை ஒன்று கத்திக் கத்திச் சுற்றியது. நின்று பார்த்தால், கூழாங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத நான்கு முட்டைகள், வெறும் தரையில். அங்கிருந்து பதினைந்து அடி விலகிப் பாதையைத் திருப்பினோம். அந்த வளைவு இன்றும் அப்படியே இருக்கிறது. நேராக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஏழு நாள் முகாம் போட்டு வேலையை முடித்துவிடலாமே என்று கேட்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. அந்த முகாம்களில் கையில் கொப்புளம் வந்தவர்களில் நானும் ஒருவன். அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பாதை வேலைக்கு முகாம் மட்டும் போதாது. ஏழு நாளில் திறந்த பாதையை ஏழு மாதத்தில் முள் மூடிவிடும். அதுவும் பாதையில்தான் முதலில் முளைக்கும். வேலிக்கருவைக் காயை ஆடு விரும்பித் தின்னும். விதை புழுக்கையோடு தடத்தில் விழும். ஒரு மாதக் கன்றை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை வேண்டும். அதனால் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு யார் வருகிறார்களோ அவர்களோடு இரண்டு மணி நேரம் நடக்கிறோம். நடந்துகொண்டே பிடுங்குவதுதான் வேலை. சில வாரம் முப்பது பேர், தேர்வு நேரத்தில் மூன்று பேர்.

எச்சரிக்கை ஒன்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் நம் பக்கத்தில் உண்டு. மூடிய காலணி, கையில் தட்டிக்கொண்டு போக ஒரு கம்பு, கண் பார்க்காத இடத்தில் கை வைக்காமை, இந்த மூன்றும் கட்டாயம். கடித்துவிட்டால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேரே தூக்கிச் செல்ல வேண்டும். இன்னொன்று, வளாக எல்லை எது, வனத்துறை நிலம் எது என்று எழுத்தில் தெரிந்துகொண்டு, அனுமதி வாங்கிய பிறகுதான் அரிவாளைத் தொட வேண்டும்.

இப்போது அந்தப் பாதையில் யார் யார் போகிறார்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. விடியற்காலையில் விடுதிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வருகிறார்கள். பத்து மணிக்கு ஆத்தாவின் ஆடுகள். சாயங்காலம் சைக்கிள் பிள்ளைகள். ஆள் எதிரே வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். எங்கள் துறையில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி, “கிணறு எப்படி சார் இருக்கும்?” என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. விடுதியிலிருந்து கிணறு வரை ஏற்றம் இல்லாத நிலம்தான். இரண்டு மாதம் கல் பொறுக்கி, அகலப்படுத்தி, கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினோம். முதல் நாள் அவள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, கிணற்றுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். புறாக்கள் படபடவென்று மேலே எழுந்தன. அதற்காகவே இந்த வேலையை இன்னும் பத்து வருஷம் செய்யலாம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தப் புதர்க்காட்டு வளாகத்தில் மரம் வளர்க்க அக்கறை எடுத்துக்கொண்டார். பாடம் நடத்துவதோடு நிலத்தையும் கவனித்த ஆசிரியர்கள் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் இப்படி முள் மூடிய பத்து ஏக்கர், இருபது ஏக்கர் கிடக்கிறது. அங்கேயும் ஒரு தடம் இருந்திருக்கும். அது தெரிந்த ஒரு ஆத்தா பக்கத்து ஊரில் இருப்பார். முதலில் அவரைத் தேடிப் போங்கள்.

பாதைக்கு அதர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவலை என்றார்கள். கிணற்றைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் எங்கள் பாதையும் பிரிகிறது. அங்கே ஒரு கல்லை நட்டுப் பிள்ளைகள் ‘கவலைக் கல்’ என்று சுண்ணாம்பால் எழுதியிருக்கிறார்கள். வலப்பக்கக் கிளை கரட்டுக்குப் போகிறது. இடப்பக்கம் போனால் ஒரு சுனை இருக்கிறது, தன் சின்ன வயதில் அங்கே தண்ணீர் குடித்திருக்கிறேன் என்கிறார் ஆத்தா. அந்தப் பக்கம் முழுக்கச் சூரை முள். வருகிற தை மாதம், பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அங்கே கம்பை ஊன்றத் தொடங்குகிறோம்.

வணக்கம்.